அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. 1984. பாம்பன் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் படகில் குருசடைத் தீவுக்கு அழைத்துப் போயிருந்தேன். கடல் வற்றிக் கிடந்த நேரம். ஈர மணலில் அங்கங்கே இடியாப்பம் பிழிந்தது போல மண் சுருள்கள். ஒன்றின் அருகே விரலால் கிளறினோம். மஞ்சள் நிறத்தில், வழவழவென்று ஒரு புழு.

"சார், இது என்ன?"

"மண்புழு மாதிரிதான். கடல் மண்புழு" என்றேன். மண்ணைத் தின்று மண்ணைக் கழிக்கிறது, வேறென்ன?

ஒரு பெண் பிள்ளை மெல்லச் சொன்னாள்: "இல்ல சார், இது அட்டை சாதி."

அவள் சொன்னது கடல் அட்டையை. அவள் அப்பா அட்டை எடுக்கக் கடலில் மூழ்குகிறவர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "அட்டை எங்கே, புழு எங்கே? பேசாம வா" என்றேன். அதன்பின் அவள் வகுப்பில் கை தூக்கியதே இல்லை.

போன மாதம், கல்லூரியில் விலங்கியல் படிக்கும் பேத்தி கேட்டாள்: "தாத்தா, குருசடைன்னா உங்க பழைய ஊர்ப் பக்கம்தானே? இந்தப் புழுவைப் பார்த்திருக்கீங்களா?" படத்தைப் பார்த்தேன். அதே புழு! டைகோடெரா ஃபிளாவா. பலனோகிளாசஸின் உறவு. அரைநாணி வகை.

அதற்கு முன்பக்கம் ஒரு துதிக்கை, அடுத்து ஒரு கழுத்துப்பட்டை, பிறகு நீண்ட உடல். தொண்டைப் பகுதியில் வரிசையாகச் செவுள் துளைகள். மண்புழுவுக்கு இது கிடையாது, மீனுக்கு உண்டு. இதைப் பார்த்துத்தான் பேட்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1880களில் இந்த இனத்தை முதுகெலும்பு உள்ளவற்றின் பக்கம் சேர்த்தார். துதிக்கைக்குள் இருந்த சிறு தண்டை முதுகுநாண் என்று நினைத்தார். அது முதுகுநாண் இல்லை என்று பின்னால் தெரிந்தது. 'அரைநாணி' என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இதன் இனத்துக் குஞ்சுகள் கடலில் மிதந்து திரியும். 1850இல் முல்லர் என்ற ஜெர்மானியர் அவற்றை நட்சத்திர மீனின் குஞ்சு என்றே எண்ணினார். அது இந்தப் புழுவின் குஞ்சு என்று சுமார் 20 ஆண்டு கழித்துக் கண்டுபிடித்தவர் மெச்னிகோவ். அவ்வளவு ஒற்றுமை! இன்று மரபணுவும் அதையே சொல்கிறது: இந்தப் புழுவுக்கு மிக நெருங்கிய சொந்தம் நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை. அதற்கடுத்த சொந்தம் நாம். மண்புழு எங்கோ தூரத்து வீடு.

இதில் இன்னொன்று. 1825இல் இந்தப் புழுவை முதன்முதலில் விவரித்த எஷ்ஷோல்ட்ஸும் இதை ஒரு விநோதமான கடல் அட்டை என்றுதான் நினைத்தாராம். அந்தப் பிள்ளையும் அதைத்தான் சொன்னாள். புழு அட்டை இல்லைதான். ஆனால் என் பதிலைவிட அவள் பதில் உண்மைக்கு எவ்வளவோ பக்கம்.

"ஏம்மா அப்படிச் சொல்றே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவளுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். எந்த ஊரில் இருக்கிறாளோ! இந்தப் பதிவு கண்ணில் பட்டால்: தாயே, நீ சொன்னதுதான் சரி. சார் சிரித்ததுதான் தப்பு.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, கடலோரப் பிள்ளை கடலைப் பற்றிச் சொன்னால் கொஞ்சம் நின்று கேளுங்கள்.