கிராவல்

சத்தியமங்கலத்தில் கிராவல் என்பது லாரியில் போகிற பொருள். தோட்டத்து வழிக்கும் புது மனையை மேடாக்குவதற்கும் டிப்பரில் கொண்டுவந்து கொட்டுகிற, சிறு கல் கலந்த செம்மண். வெட்டியெடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் வெட்டியவர்கள் பிடிபட்ட செய்தி தினசரியின் மாவட்டப் பக்கத்தில் அவ்வப்போது வரும். இதே சொல் இன்று உலகமெங்கும் ஒரு சைக்கிள் விளையாட்டின் பெயராகியிருக்கிறது. அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலத்தின் எம்போரியா என்ற சிற்றூரில் 2006-ல் தொடங்கிய பந்தயம் இந்த மோகத்துக்கு ஒரு முக்கியமான ஆரம்பம். 2022-ல் இத்தாலியில் இதற்கென்றே உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. தார் போடாத சாலையில், சற்று அகன்ற டயரோடு, நெடுந்தூரம் போவது; அவ்வளவுதான் விஷயம். எங்கள் பக்கத்துப் பால்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த காரியம். அவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

பெயர் வைப்பதற்கு ஒரு முன்நிபந்தனை இருப்பதாகத் தோன்றுகிறது. தார்ச்சாலை ஏற்கெனவே கிடைத்துவிட்டவனுக்குத்தான் கரடுமுரடான பாதை ரசனைக்குரியதாகிறது. வேறு வழியிருந்தும் ஒருவன் தேர்ந்துகொள்ளும் கஷ்டமே அனுபவம் என்ற அந்தஸ்தைப் பெறுகிறது. மற்றது வெறும் கஷ்டம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நானும் தேர்ந்துகொள்கிறவன்தான். பண்டிகை முன்பணத்தில் வாங்கிய ஒரு கியர் சைக்கிளில், பவானிசாகரிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்காலின் மண்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். கிளையில் நகை மதிப்பிடுபவர் ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க சார், அந்தப் பக்கம் பஸ் ஓடறதில்லீங்களா?" ஓடுகிறது என்பதுதான் பதில். அந்தப் பதிலில் இருக்கும் சங்கடமே இக்கட்டுரை.

சங்கடம் சாலையோடு நிற்பதில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வால், இவ்வகைச் சவாரிக்காரர்கள் போற்றும் பிரதேசங்களில் ஒன்று. கடலை நோக்கிச் சரியும் பாறை விளிம்புகளில், வெள்ளீயமும் தாமிரமும் எடுத்த காலத்து நீராவி எஞ்சின் கட்டடங்கள் கூரையிழந்து, புகைபோக்கியோடு நிற்கின்றன. கனிமம் இழுத்த டிராம் பாதைகள் சில இன்று சைக்கிள் பாதைகள். 2006-ல் யுனெஸ்கோ அந்த நிலக்காட்சியை உலகப் பாரம்பரியம் என்று அறிவித்தது. அதற்கு எட்டு வருஷம் முன்பு, 1998-ல், கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி மூடப்பட்டிருந்தது. இந்த வரிசைமுறை தற்செயலானதல்ல. ஒன்று பாரம்பரியமாவதற்கு அது முதலில் முடிந்தாக வேண்டும். வேலையும் விபத்தும் நுரையீரல் நோயும் போனபிறகு எஞ்சும் கல்லைத்தான் நாம் அழகு என்கிறோம். கவிஞர் ஆடனுக்குச் சிறுவயதில் ஈயச் சுரங்கங்கள் மீதும் கைவிடப்பட்ட யந்திரங்கள் மீதும் தீராத மோகம் இருந்தது. அவருடைய கவிதையின் நிலக்காட்சி அங்கிருந்து வந்தது. பாழின் மீதான காதல் நவீனத்துவத்தின் பிறவிக் குணங்களில் ஒன்று. நம் புதுக்கவிதையும் அதைச் சுவீகரித்துக்கொண்டது, பல சமயம் பாழைப் பார்க்காமலே.

நமக்கும் பாழ்ச் சுரங்கம் உண்டு. கார்ன்வாலில் தொழில் கற்ற சுரங்கக்காரர்கள் கோலார் தங்கவயலுக்கு வந்தார்கள். அவர்களின் மேற்பார்வையில் வட ஆற்காட்டுத் தமிழர்கள் பூமிக்குள் இறங்கினார்கள். 2001-ல் அது மூடப்பட்டது. சயனைடு கழிவு மேடுகள் இன்னும் நிற்கின்றன. ஆனால் நான் பார்க்க விரும்பியது பாழே இல்லாத ஒரு சுரங்கத்தை. அதற்காகச் சென்ற ஆண்டு ஓர் இரண்டாம் சனிக்கிழமையை ஒட்டி விடுப்புப் போட்டு, சைக்கிளைப் பார்சல் வேனில் ஏற்றி, நாகர்கோவிலில் இறங்கினேன். கன்னியாகுமரியிலிருந்து மேற்காகக் கரையையொட்டித் தேங்காய்ப்பட்டணம் வரை, இரண்டு நாள்.

கன்னியாகுமரியில் பொட்டலத்தில் விற்கிற பல நிற மணலை வாங்காத சுற்றுலாப் பயணி குறைவு. நின்றுபோன கல்யாணத்தின் அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டதென்று கதை. புவியியல் சொல்வதும் ஒருவகையில் கைகூடாத சமையல் மாதிரிதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் பழைய பாறைகள் சிதைந்து, பழையாறும் வள்ளியாறும் அவற்றைக் கடலுக்கு இழுத்துவர, அலை அதைக் கரையில் புடைக்கிறது. எங்கள் மதிப்பீட்டாளர் அட்டிகையில் கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழிப்பதுபோலக் கடல் கழிக்கிறது. ஏறிவரும் அலை எல்லாவற்றையும் தூக்கிவந்து போடுகிறது. பலம் குறைந்து திரும்பும் நீர் லேசானதை மட்டும் எடுத்துப்போகிறது. சாதாரண வெண்மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கறுப்பான இல்மனைட்டின் அடர்த்தி ஏறக்குறைய 4.7. ஆகவே கறுப்பு தங்குகிறது. அதோடு சிவப்பான கார்னெட், ஸிர்கான், ரூட்டைல், தோரியம் கொண்ட மோனஸைட்.

சைக்கிள் இதைக் கண்ணுக்கு முன்பே உடம்புக்குச் சொல்கிறது. ஈரமான மணல் சக்கரத்தைத் தாங்கும். ஓரடி மேலே உலர்ந்த மணலில் டயர் புதைந்துவிடும். மணக்குடிக்கு அப்பால் பல இடங்களில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. முட்டத்தில் பாறைகள். அங்கே சினிமாவைத் தவிர்த்துப் பார்ப்பது சிரமம். 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) ஆகிய படங்கள் அந்தப் பாறைகளை ஒரு தலைமுறைக்கு அறிமுகம் செய்தன, பின்னணியாக. வள்ளியாற்றைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் மணவாளக்குறிச்சி. காமிரா அவ்வளவு தூரம் வந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

மணவாளக்குறிச்சியின் சரித்திரம் தேங்காய் நாரில் ஆரம்பிக்கிறது. திருவாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்துபோய், 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயனக்காரர் அங்கே மோனஸைட்டைக் கண்டார். அப்போது ஐரோப்பாவுக்குத் தோரியம் தேவைப்பட்டது வெளிச்சத்துக்காக. காஸ் விளக்கின் மேண்டில் தோரியம் ஆக்ஸைடால் ஆனது. அதில் ஒரு சதவீதம் மட்டும் சீரியம். எங்கள் ஊர்க் கல்யாண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் சுமந்தவர்களின் தலைக்கு மேல் எரிந்ததும் அந்தச் சாம்பல் வலைதான். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் செந்தில் தொட்டு உடைக்கும் மேண்டில் நம் எல்லோருக்கும் தெரியும்; அது எந்த மணல் என்று தெரியாது. பிறகு அதே தோரியம் அணுசக்தியின் கனவாகியது. 1947-ல் திவான் சி. பி. ராமஸ்வாமி ஐயர் திருவாங்கூரைத் தனி நாடாக நினைத்த கணக்கில் இந்த மணலும் இருந்தது. 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் ஏற்பட்டது. 1965-ல் மணவாளக்குறிச்சி ஆலை அதன் கைக்கு வந்தது. இன்றும் நடக்கிறது. கறுப்பு இல்மனைட்டிலிருந்து கிடைக்கும் டைட்டானியம் ஆக்ஸைடுதான் நம் சுவர்களின் வெள்ளைப் பெயிண்ட்.

நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழில். ஆனால் நின்று பார்க்க ஒரு புகைபோக்கி கிடையாது. கரையில் அலை ஒதுக்குவதை வாரியெடுப்பது, உள்ளே தோண்டிய இடத்தைப் பிரித்தபின் எஞ்சிய வெண்மணலால் திரும்ப நிரப்புவது என்ற இந்த முறையில் சுரங்கம் தன் தடத்தைத் தானே அழித்துக்கொண்டே போகிறது. கலைப் பிரக்ஞைக்கு இது ஒரு பிரச்சினை. பாழாகி நிற்காத ஒன்றைப் பற்றி நாம் எப்படி எழுதுவது? நெய்தல் கவிதையின் மணல் வெண்மணல். எக்கரும் புன்னையும் காத்திருக்கும் பெண்ணும். இதே கரையிலுள்ள தேங்காய்ப்பட்டணத்தைத் தோப்பில் முஹம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் ஸ்தூலமாக்கினார். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' கிழக்குக் கரையைக் கொண்டுவந்தது. நான் படித்தவரை, நம் கடல் எழுத்தில் மீன் இருக்கிறது, படகு இருக்கிறது, சர்ச் இருக்கிறது. கரையில் கிடக்கும் கறுப்பு இல்லை. இருந்தாலும் அது நிறம் மட்டுமே.

சின்னவிளைப் பக்கம் வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் தள்ளிக்கொண்டு வருவதை வெகுநேரம் பார்த்துவிட்டுப் பேசினார். "தம்பி, மழைக்காலத்துல வந்து பாருங்க. கடல் இங்கன எல்லாத்தையும் கறுப்பாக்கிப் போட்டிரும்." மணல் எடுப்பது பற்றிக் கேட்டேன். "எங்க வீட்டுல ஒருத்தன் அங்க கூலிக்குப் போறான். ஒருத்தன் எதிர்த்துக் கொடி பிடிக்கான். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டியிலதான் கொழம்பு."

கொடி பிடிப்பவனின் பயம் இரண்டு: மணலை எடுத்தால் கடல் உள்ளே வரும், கதிரியக்கத்தால் புற்றுநோய் வரும். இரண்டாவதைப் பற்றிக் கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நடந்த நீண்ட ஆய்வு 2009-ல் வெளியானது. இயற்கைக் கதிரியக்கம் மிகுந்த அந்தக் கரையில் அதனால் புற்றுநோய் கூடியிருப்பதாக அது காணவில்லை. முதலாவதற்கு ஆய்வு தேவைப்படாதவர்கள் இவர்கள். 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது மணக்குடியிலும் கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் இருந்தவர்கள். விஞ்ஞானத்தின் எண்ணும் அனுபவத்தின் ஞாபகமும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. இரண்டையும் ஒரே சட்டியில் வைத்துக்கொண்டு வாழ்வதே யதார்த்தம் போலும்.

மறுநாள் குளச்சலைத் தாண்டினேன். ஏ.வி.எம். கால்வாயின் கரை கொஞ்சதூரம் துணைவந்தது. 1860-ல் திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியோடு இணைக்கத் தொடங்கி, போய்ச்சேராமலே நின்றுவிட்ட வாய்க்கால். கரடுமுரடும் பாசியுமான அதன் கரை, அழகு தேடுகிறவனுக்கு உகந்தது. உண்மையில் அந்தப் பயணத்தில் முடிந்துபோன ஒரே விஷயம் அதுதான். ஆகவே நான் அங்கே மட்டும் நிம்மதியாக ரசித்தேன் என்பதைக் குறிக்க வேண்டும்.

அதற்கப்பால் மிடாலம், இனயம் புத்தன்துறை. 2013-ல் தமிழக அரசு தாது மணல் எடுப்பதை நிறுத்தியது. 2019-ல் மத்திய அரசின் விதிகள் தனியாரை இதிலிருந்து முற்றாக விலக்கின. மிஞ்சியது அரசு நிறுவனம். கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலத்திலிருந்து கொல்லங்கோடு வரை 1,144 ஹெக்டேரில் அதற்கான திட்டம் வந்தது. 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்பு எதிர்ப்பினால் தள்ளிப்போயிற்று. நிலப் பத்திரங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு 2,800 ஏக்கருக்கு மேல் என்று உடனே கணக்கு வந்தது. சைக்கிளில் வந்தது வேறு: தென்னை, ஓட்டு வீடு, கெபி, காயப்போட்ட மீன், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள், மறுபடியும் தென்னை. பார்ப்பதற்கென்று ஒன்றுமில்லை. காரில் போயிருந்தால் சில நிமிஷத்தில் கடந்திருப்பேன். மணல் என்னை மெதுவாக்கியது. மெதுவானதால் ஒவ்வொரு வாசலையும் பார்க்க நேர்ந்தது. இந்த விளையாட்டுக்கு ஒரு நியாயம் உண்டென்றால் இதைத்தான் சொல்லலாம்.

மிடாலம் அருகே பின் டயர் இறங்கியது. பஞ்சர் ஒட்டுகிறவர் ஆணியைத் தேடுவதற்குப் பழைய ஸ்பீக்கரின் காந்தமொன்றை டயரின் உட்புறம் ஓட்டினார். காந்தம் வெளியே வந்தபோது ஒரு சிறு ஆணியும், அதைச் சுற்றித் தாடிபோல் கறுப்பு மணலும் ஒட்டியிருந்தன. ஆணியை என் கையில் வைத்தார். மணலைக் கட்டைவிரலால் வழித்துத் தன் கடை வாசலில் தட்டினார்.

"ஆணிய நீங்க வச்சுக்கிடுங்க சார். மணலு இங்கன கிடக்கட்டு."