தானமாகக் கொடுத்த ஷூ... காசுக்கு விற்கும் சந்தை! நைரோபியின் கிகோம்பாவில் ஒரு வலம்

லண்டனிலோ நியூயார்க்கிலோ ஒருவர் தன் பழைய ஷூவைத் தானப் பெட்டியில் போடுகிறார். 'யாரோ ஓர் ஏழையின் காலுக்குப் போய்ச் சேரும்' என்ற நிம்மதியோடு வீட்டுக்குத் திரும்புகிறார். ஆனால், அந்த ஷூ உண்மையில் எங்கே போகிறது?

பெரும்பாலும் நேராக ஏழையின் காலுக்குப் போவதில்லை. தொண்டு நிறுவனங்கள் தங்கள் கடைகளில் விற்க முடிந்ததை விற்றுவிட்டு, மீதியை மொத்த வியாபாரிகளிடம் எடைக்குக் கொடுக்கின்றன. அந்தப் பணம் அவர்களின் தொண்டுப் பணிகளுக்குப் போகிறது. ஷூக்களோ தரம் பிரிக்கப்பட்டு, மூட்டை கட்டப்பட்டு, கப்பல் ஏறுகின்றன. கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகள், சுமார் 480 கி.மீ பயணித்து நைரோபி வருகின்றன. அங்கே அவற்றுக்காகக் காத்திருக்கிறது கிகோம்பா!

பிரித்தால்தான் தெரியும்!

நகரின் மையப்பகுதிக்குக் கிழக்கே, நைரோபி ஆற்றை ஒட்டியிருக்கிறது இந்தச் சந்தை. நெருக்கியடிக்கும் தகரக் கொட்டகைகள், மழை பெய்தால் சேறாகும் சந்துகள், தலையிலும் தோளிலும் மூட்டை சுமப்பவர்கள். பழைய துணிக்கும் காலணிக்கும் இங்கே பெயர், 'மிதும்பா'. சுவாஹிலி மொழியில் 'மூட்டைகள்' என்று அர்த்தம்.

பொழுது விடியும்போதே வியாபாரம் சூடுபிடித்துவிடும். மூட்டையைப் பிரிக்காமலேதான் வாங்க வேண்டும். உள்ளே நல்ல ஷூக்கள் இருந்தால் லாபம். சோல் பிய்ந்தவை இருந்தால் கைக்காசு போச்சு. புதிது போலவே இருக்கும் முதல் தரத்துக்கு வியாபாரிகள் வைத்திருக்கும் பெயர் 'கேமரா'. எல்லோரும் பொறுக்கியெடுத்த பிறகு மிஞ்சுவது 'ஃபாகியா'. அதாவது, 'பெருக்கித் தள்ளு'!

மூட்டையிலிருந்து வந்த ஷூ அப்படியே விற்பனைக்குப் போவதில்லை. சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதற்கு ஒருவர், பிரிந்த சோலைத் தைத்து ஒட்டுவதற்கு ஒருவர், பாலிஷ் போடுவதற்கு ஒருவர். யாரோ வேண்டாமென்று கொடுத்த ஒரு ஜோடி, இங்கே பலருக்கு அன்றாடக் கூலி.

தடை போட்டால் என்ன?

மறுபக்கமும் இருக்கிறது. மலிவான பழைய ஷூக்கள் வந்து குவிந்தால், உள்ளூரில் தயாராகும் காலணியை யார் வாங்குவார்கள்? நைரோபிக்கு அருகே லிமுருவில் பாட்டா தொழிற்சாலை இருக்கிறது. பழைய டயரை வெட்டி 'அகாலா' செருப்பு செய்யும் கைவினைஞர்களும் இருக்கிறார்கள்.

2016-ல் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள், பழைய துணி, காலணி இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தன. அமெரிக்கா தன் வர்த்தகச் சலுகைகளை மறுபரிசீலனை செய்யப்போவதாகச் சொன்னதும், கென்யா பின்வாங்கியது. ருவாண்டா மட்டும் வரியை உயர்த்தி உறுதியாக நின்றது. 2018-ல் அந்த நாட்டின் ஆடை ஏற்றுமதிக்கான சலுகையை அமெரிக்கா நிறுத்திவைத்தது.

கிகோம்பாவின் பெரிய பயம் தீ. அடிக்கடி தீப்பிடிக்கும் சந்தை இது. 2018 ஜூனில் நடந்த விபத்தில் மட்டும் 15 பேர் உயிரிழந்தனர். கருகிய இடத்திலேயே மீண்டும் கொட்டகை போட்டார்கள் வியாபாரிகள். வேறு பிழைப்பு?

காலணி ஆடம்பரம் அல்ல!

கென்யாவின் கிராமங்களில் 'ஃபுன்சா' என்கிற மணல் தெள்ளுப்பூச்சி, வெறுங்காலின் தோலுக்குள் புகுந்து புண்ணாக்கிவிடும். நடக்க முடியாமல் பள்ளிக்கு முழுக்குப் போடும் குழந்தைகளும் உண்டு. அதற்கு எளிய தடுப்புகளில் ஒன்று, காலணி. கையில் காசு குறைவாக இருக்கும் பெற்றோருக்கு, மிதும்பா கடை ஷூதான் கைக்கு எட்டும் விலை.

ஆக, நீங்கள் தானம் செய்யும் ஷூவை எங்கோ ஒருவர் காசு கொடுத்து வாங்கக்கூடும். கிகோம்பாவுக்குப் போனாலும் சரி, பக்கத்து ஊருக்குப் போனாலும் சரி, இதையெல்லாம் கவனியுங்கள்:

* இரண்டு ஷூக்களையும் லேஸால் சேர்த்துக் கட்டுங்கள். ஜோடி பிரிந்தால் இரண்டுமே குப்பைதான்.
* கழுவி, நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.
* பிய்ந்த சோலை முடிந்தால் தைத்துக் கொடுங்கள். அணியவே முடியாத ஷூவை யாருக்கும் கொடுக்காதீர்கள்.
* குழந்தைகளின் ஷூ கால் வளர்ந்ததும் சும்மா கிடக்கும். நன்றாக இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

பிரித்த மூட்டையில் உங்கள் ஷூ 'கேமரா'வா, 'ஃபாகியா'வா என்பது, நீங்கள் கொடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது!