தார்சா விளக்கு

பொதிகை எக்ஸ்பிரஸ் தென்காசியை எட்டும்போது நன்றாக விடிந்திருந்தது. மலை மட்டும் தெரியவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் மேகம் படுத்திருந்தது. ஆனி மாதம், சாரல் தொடங்கிவிட்டது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று உள்ளே வந்து, இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை என்று பொடிப்பொடியாகத் தூவிக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்குப் போகிறவர்கள் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அம்மாவும் நாலு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற ஆச்சி வீட்டைத் திறக்கப் போய்க்கொண்டிருந்தோம். என் கைப்பையில் சாவிக்கொத்தும் ஒரு புற ஊதா டார்ச்சும் இருந்தன.

பணி ஓய்வு பெற்றதும் ஊரோடு போய்விடுவது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். தனியாக. தம்பிக்கும் எனக்கும் அதில் சம்மதமில்லை. வயலை ஒட்டிய பழைய ஓட்டு வீடு, பூச்சிபொட்டு வரும், பாம்பு வரும் என்றோம். "பூச்சிபொட்டோடதாம்ட்டி நாங்க அத்தன பேரும் வளந்தோம்" என்றாள். அஞ்சு நாள் தங்கி, இந்த வீட்டில் அவள் தனியாகப் படுத்துத் தூங்கலாமா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் நான் கூடப் போனேன்.

கதவு ஈரத்தில் உப்பிப்போய், மூன்றாவது தள்ளலில்தான் திறந்தது. திண்ணை, தார்சா, பட்டாசல், நடுவில் வானவெளி, கடைசியில் அடுக்களை, அதைத் தாண்டிப் புறவாசல். பட்டாசலுக்கு மேலே மச்சு. ஜன்னல் சட்டத்தைப் பாதி தின்றிருந்த கரையான், ஓட்டைத் தாங்குகிற பனங்கைகளின் ஓரமாக மண்பாதை போட்டுப் போயிருந்ததே தவிர, அவற்றில் வாய் வைக்கவில்லை. வைரம் பாய்ந்த பனை அப்படி. வானவெளிச் சுவர் மட்டும் கறுத்து, அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் மரவட்டை. சுவர் முழுக்க.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாரியலும் முறமும் எடுத்தாள். நாலு முறம் அள்ளித் தென்னை மூட்டில் கொட்டினாள். "இது வாயில்லாச் சீவன், இத அடிக்கக் கூடாது." அவள் சொன்னது சரிதான். மரவட்டை மக்கிய இலையைத் தின்று வாழ்வது. அதற்குக் கடிக்கத் தெரியாது. தொட்டால் சுருண்டுகொள்ளும், அதன் உடம்பில் கசிகிற நீர் கண்ணில் பட்டால்தான் எரியும். மண் மழையில் ஊறி மூச்சு முட்டும்போது சுவரேறி வருகிறது, அவ்வளவுதான்.

மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை விரித்தபோது வந்தது வேறு. பூரானில் பெரிய வகையை எங்கள் பக்கம் செய்யான் என்பார்கள். கருஞ்சிவப்பு முதுகு, மஞ்சள் கால்கள். பாயிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து உரலுக்கு அடியில் என்று கண் சிமிட்டுவதற்குள் ஓடியது. செய்யானுக்கு 21 ஜோடிக் கால்கள். அவற்றுக்கு முன்னால், தலைக்குக் கீழே உள்ள ஒரு ஜோடிக் கால்தான் விஷப்பல்லாக மாறியிருக்கிறது. அதன் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. வெயிலிலும் உலர்ந்த தரையிலும் அது வற்றிப்போகும். அதனால் பகல் முழுக்க ஈரச் சாக்கு, பாய், உரலடி என்று ஒளிந்து கிடக்கும். ஆச்சி தினமும் பாயை உதறி வெயிலில் போட்டதும், சாக்கைக் கொடியில் தொங்கவிட்டதும் சுத்தத்துக்காக என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அம்மா அடுப்பு இடுக்கியால் செய்யானைப் பிடித்து, பக்கத்து வீட்டுக் கோழி முன்னால் போட்டாள். ஒரே கொத்து.

கோழிக்குப் பின்னாலேயே பக்கத்து வீட்டு அத்தை காப்பித் தூக்கோடு வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மதினி, அரணையக் கண்டா விட்டுராதீங்க. அரணை கடிச்சா மரணம்லா" என்றாள். புறவாசலில் சாரை நடமாட்டம் உண்டு, கருந்தேள் கிணற்றடியில் கிடக்கும், மச்சில் கையகல எட்டுக்கால் பூச்சி பார்த்தேன், பத்திரம் என்றாள். எல்லாம் அன்பினால் சொன்னது. ஆனால் அவள் பயந்த இந்த நாலில் எதுவும் வளர்ந்த ஆளைக் கொல்வதில்லை. அரணைக்கு விஷமே கிடையாது; அந்தப் பழமொழியில் எதுகைதான் இருக்கிறது. சாரை எலி பிடிக்கிற பாம்பு, விஷமற்றது. கருந்தேள் கொட்டினால் வலிக்கும், உயிருக்கு ஆபத்து அநேகமாக வராது. மச்சில் இருந்த எட்டுக்கால் பூச்சி வலை பின்னாத வகை, கரப்பான் வேட்டைக்காரி. வயிற்றுக்கடியில் முட்டைப் பையை வெள்ளை வில்லைபோல அணைத்துக்கொண்டு நின்றாள். அவளை அங்கேயே விட்டுவிட்டோம்.

அன்று இரவு வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு டார்ச்சை எடுத்தேன். தேளின் மேலோட்டில் உள்ள சில பொருள்கள் புற ஊதா ஒளி பட்டால் பச்சையும் நீலமும் கலந்து ஒளிரும். செத்த தேளின் ஓடுகூட ஒளிரும். பகலில் மண்ணோடு மண்ணாகக் கிடப்பதை இருட்டில் பத்தடி தூரத்தில் இருந்தே கண்டுகொள்ளலாம். வானவெளியில் ஒன்றும் இல்லை. புறவாசலில் விறகு அடுக்கின்மேல் டார்ச்சை ஓட்டினேன். ஒன்று. அதற்கு மேலே ஒன்று. சுவரின் வெடிப்பில் வால் மட்டும் நீட்டிக்கொண்டு இன்னொன்று. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு முழுக்க இந்த வெறகத்தாம்ட்டி கையவிட்டு எடுத்தேன்."

சாதாரண டார்ச்சை அடித்துப் பார்த்தால் மூன்றும் சுண்டுவிரல் நீளத்தில், செம்பழுப்பாக, மெலிந்த முன்கைகளோடு இருந்தன. செந்தேள். 1798இல் டென்மார்க்கின் ஃபாப்ரிசியஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது அதில் 'தமுலஸ்' என்ற சொல்லைச் சேர்த்தார். நம் பெயரைச் சுமந்துகொண்டு உலகம் முழுக்க அறியப்படுகிற தேள் இது. முன்கை தடித்த கருந்தேளைக் கண்டு ஊரே பயப்படுகிறது. இந்த மெலிந்தவனோ குழந்தைகளின் இதயத்தைத் தாக்கிக் கொல்லக்கூடியவன். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பிரசோசின் மாத்திரை இந்த விஷத்துக்கு எதிராக வேலை செய்வதை 1980களில் கண்டு எழுதினார். எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் அதனால் பிழைத்தார்கள். விறகைக் கையால் எடுக்காமல் தட்டி உதறி எடுப்பது, அடுக்கைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் ராத்திரிதான் எனக்கு இந்த வீடு புரிந்தது. வெளிச்சமாக இருக்கட்டும் என்று தார்சாவில் பளீர் வெள்ளை எல்ஈடி விளக்கு ஒன்றை மாட்டியிருந்தேன். ஏழு மணிக்கு ஈசலும் வயல் பூச்சிகளும் அதை மொய்த்தன. எட்டு மணிக்குச் சுவரில் ஆறு பல்லிகள். ஒன்பதரைக்கு, நிலைக்கு மேலே இருக்கிற விரிசலிலிருந்து மெல்லிய பழுப்புப் பாம்பொன்று தலையை நீட்டி, காரைச் சுவரில் தண்ணீர்போல வழுக்கி ஏறி, ஒரு பல்லியைக் கவ்வியது. உடம்பில் வெள்ளை வளையங்கள். எனக்குக் கை நடுங்கியது. கட்டுவிரியனா?

இல்லை. வளையங்கள் தலைப்பக்கம் பளிச்சென்றும் வால்பக்கம் மங்கியும் இருந்தன. கட்டுவிரியனுக்கு இது தலைகீழ்: கழுத்துப்பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும், பின்னால் போகப் போகத்தான் இரண்டிரண்டு கோடாகத் தெளியும். இது ஓநாய்ப் பாம்பு, விஷமில்லாதது. ஆனால் நெஞ்சு அடங்கவில்லை. கட்டுவிரியன் எலியும் தின்னும், மற்றப் பாம்புகளையும் தின்னும். விளக்குக்குப் பூச்சி, பூச்சிக்குப் பல்லி, பல்லிக்கு ஓநாய்ப் பாம்பு, அதற்கு அடுத்த படியில் கட்டுவிரியன். அந்த ஏணியை நானே மாட்டியிருந்தேன்.

காலையில் விஷயத்தைச் சொன்னபோது பக்கத்து வீட்டு அத்தை சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, அவளுடைய மாமனாரின் வீட்டில் களத்து வேலைக்கு இருந்தவர் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். திண்ணையில் வெறும் பாயில் படுத்திருந்தவர் விடியற்காலம் வயிற்றுவலி என்று எழுந்தார். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். வெயில் ஏறுமுன் கண்ணிமை தாழ்ந்து மூடிக்கொண்டது, பேச்சு குழறியது. கடித்த தடத்தைக் கடைசிவரை யாரும் பார்க்கவில்லை.

கட்டுவிரியன் கடி அப்படித்தான். ராத்திரியில் இரை தேடி வரும் பாம்பு, தரையில் படுத்திருப்பவர் புரளும்போது கடிக்கும். பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்கு 58,000 என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மனிதர்கள். 2024இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. இது எவ்வளவோ முன்னால் நடந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். விடிகாலையில் காரணமில்லாத வயிற்றுவலியும் இமை தாழ்தலும் கண்டால் கஷாயம் வைக்காதீர்கள், கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், 108ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போங்கள் என்று தெருத்தெருவாகச் சொல்ல வேண்டும்.

அன்றே தென்காசிக்குப் போய் இரண்டு பொருள் வாங்கினோம்: மங்கிய மஞ்சள் பல்பு ஒன்று, மெத்தைக்கு அடியில் செருகுகிற அளவுக்குத் தாராளமான கொசுவலை ஒன்று. கொசுவுக்கென்று விற்கிற அந்த வலைதான் கட்டுவிரியனுக்கும் நல்ல காவல். நாலு பக்கமும் அடியில் செருகியிருக்க வேண்டும், தொங்கவிட்டால் பயனில்லை. கடைக்காரர் பூண்டும் பினாயிலும் தெளிக்கச் சொன்னார். வாசனைக்குப் பயந்து பாம்பு ஒதுங்கும் என்று நம்பித் தூங்குவதைவிட ஓட்டையை அடைப்பது மேல்.

கொத்தனார் அண்ணாச்சி ஒருநாள் முழுக்க வேலை பார்த்தார். சிமெண்டு மூட்டையோடு வந்தவரைச் சுண்ணாம்பும் மணலும் கலக்கச் சொன்னேன். பழைய காரைச் சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும். ஈரம் தேங்கினால் மறுபடி செய்யான். "தாத்தா காலத்து வேல கேக்கிய" என்று சிரித்தாலும் பொறுமையாக நிலை விரிசலை, அடுக்களை வெடிப்பை, மச்சுப் படியடியை அடைத்தார். வானவெளியிலிருந்து தண்ணீர் வெளியேறும் துவாரத்துக்கும் அங்கணக்குழிக்கும் இரும்பு வலை வைத்தார். கதவுக்கும் வாசற்படிக்கும் நடுவே இருந்த இரண்டு விரல் இடைவெளியை ஒரு தேக்குச் சட்டம் மூடியது. நெல் குதிர் இருந்த அறையைக் காலி செய்தோம், எலிக்கு அங்கே இனி வேலையில்லை.

கடைசி நாள் ராத்திரி தம்பி போனில் கேட்டான், என்ன முடிவு என்று. கயிற்றுக் கட்டில் போட்டாச்சு, வலை கட்டியாச்சு என்றேன். அவன் மேலே கேட்கவில்லை.

அம்மா டார்ச்சைத் தானே வாங்கிக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். மழை நின்றிருந்தது. தவளைச் சத்தம். சுவரோரமாக ஒரு நீல வெளிச்சம் மெதுவாக நகர்ந்து போவதை நான் வானவெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, கெணத்தடியில ஒண்ணு கெடக்கு. முதுகுல குட்டியச் சொமந்துக்கிட்டு நிக்கா. தாயி மின்னுதா, குட்டிக மின்னல, மங்கலா இருக்கு."

"கை மெலிசா, தடிப்பா?"

கொஞ்சம் நேரம் சத்தமில்லை.

"தடிப்பா இருக்கு."

"கருந்தேளுதான்."

"அப்ப கெடக்கட்டும்." டார்ச் அணைந்தது. கதவைச் சாத்திச் சட்டம் தரையில் பதிந்திருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். தலையணையை உதறினாள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், நாலு பக்கமும் வலையைச் செருகிக்கொண்டு வந்து கடைசிப் பக்கத்தை மட்டும் தூக்கிப் பிடித்தாள்.

"நீயும் சீக்கிரம் உள்ள வா. பூச்சி வந்துரப் போவுது."