கேட்டால்தான் சொல்வார்கள்

ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் ஒரு கர்ப்பிணியிடம் 'வெள்ளைப்படுதல் இருக்கா?' என்று நேரடியாகக் கேட்டால், பெரும்பாலும் 'இல்ல' என்றுதான் பதில் வரும். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருப்பார். தனியாக இருந்தாலும், 'உடம்பு சூடு நர்சம்மா, வேற ஒண்ணுமில்ல' என்று முடித்துவிடுவார்கள். அதனால் பிரஷர் பார்த்தபின் உள்ளறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்பேன். பாவாடையில கறை படுதா தாயி? தண்ணியா இருக்கா, திப்பித்திப்பியா வருதா? அரிப்பு உண்டா? திப்பியாக வந்து அரித்தால் அநேகமாகப் பூஞ்சை. அதற்கு மருந்தே வேறு. சாம்பல் வெள்ளையில், நீர்த்து, மீன்வாடையோடு வருவதுதான் நான் தேடுவது.

தருவைகுளத்தில் கருவாடு காயவைக்கும் பெண்ணிடம் மீன்வாடை என்று கேட்டுப் பயனில்லை. வீட்டுக்காரரோடு இருந்த பிறகு வாடை கூடுதா என்று கேட்க வேண்டும். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு 'ஆமா' என்பார். பாதிச் சோதனை அதிலேயே முடிந்துவிடும். விந்தின் காரத்தன்மை பட்டதும், பாக்டீரியாக்கள் உண்டாக்கிய அமீன்கள் ஆவியாகி வாடை எழும்புகிறது. கண்ணாடித் தகட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு முகர்ந்து பார்க்கும் சோதனையிலும் நடப்பது இதுதான்.

பெண்ணுறுப்புக்குள் பாக்டீரியா இருப்பது நோயல்ல. சில பாக்டீரியாக்கள் இல்லாமல் போவதுதான் நோய். 1892இல் ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்களை விவரித்தார். அவற்றை இன்று லாக்டோபேசில்லஸ் என்கிறோம். உட்சுவரில் சேரும் கிளைக்கோஜனிலிருந்து லாக்டிக் அமிலம் உண்டாக்கி, பி.எச். அளவை 4.5க்கு மேல் போகவிடாமல் வைத்திருப்பவை அவை. தயிரைப் புளிக்க வைப்பவற்றின் சொந்தக்காரர்கள் என்று சொல்லலாம். (சொன்னதும், தயிரைத் தடவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது.) அவை குறைந்தால் கார்ட்னெரெல்லா, பிரெவோடெல்லா போன்றவை பெருகுகின்றன. இவற்றில் சில, கர்ப்பப்பை வாயை அடைத்திருக்கும் சளியைச் சிதைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. கிருமி மேலே ஏறினால் பனிக்குடச் சவ்வில் அழற்சி உண்டாகும். அதனால் புராஸ்டாகிளாண்டின் சுரக்கும். நாள் நிறையுமுன்பே கர்ப்பப்பை சுருங்கத் தொடங்கும்.

இந்த அமிலத்தன்மை குறைந்திருக்கிறதா என்று பார்க்கப் பி.எச். தாளை வைக்கும் கைக்குப் பொறுமை வேண்டும். பக்கச் சுவரில் தொட வேண்டும். கர்ப்பப்பை வாய்ச் சளி காரமானது, அதைத் தொட்டால் தாள் பொய் சொல்லும். ரத்தம் பட்டாலும் அப்படித்தான். எல்லாவற்றையும்விட முக்கியம்: பனிக்குட நீர் கசிந்தாலும் தாளின் நிறம் மாறும். நிறம் மாறியதும் பாக்டீரியா என்று எழுதிவிட்டு மாத்திரை கொடுத்து அனுப்பினால், ஒரு பெண் உடைந்த பனிக்குடத்தோடு மணியாச்சிக்குப் பஸ் ஏறிவிடுவாள். 'நீர் சொட்டுச் சொட்டா வருதா, நிக்காம வருதா?' என்று கேட்ட பிறகே தாளை நம்புவேன்.

பாக்டீரியாச் சமநிலை குலைவதற்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் உள்ள தொடர்பு நிரூபணமானது. 1995இல் அமெரிக்காவில் 10,397 கர்ப்பிணிகளை வைத்து ஷேரன் ஹில்லியர் குழு வெளியிட்ட ஆய்வு, இந்தச் சமநிலை குலைந்தவர்களுக்குக் குறைமாதத்தில் எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 40 சதவீதம் கூடுதல் என்றது. அப்படியானால் மாத்திரை கொடுத்தால் தீர்ந்ததா? பிரான்சில் 84,530 பேரைச் சோதித்து, குலைவு இருந்த ஆபத்துக் குறைந்த கர்ப்பிணிகளுக்கு கிளிண்டாமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வந்த முடிவில் மிகக் குறைமாதப் பிரசவம் குறையவில்லை. மருந்து கெட்டதைக் கொல்கிறது. நல்லதைத் திரும்பக் குடியேற்றும் திறன் அதற்கு இல்லை. அதனால் தொந்தரவு உள்ள பெண்ணுக்கு டாக்டரம்மா எழுதும் மெட்ரோனிடசோலை ஏழு நாளும் விடாமல் சாப்பிட வைப்பேன். அவள் படும் அவதி தீர வேண்டும், அதற்காக. 'இதைச் சாப்பிட்டா பிள்ளை நிறைமாசத்துல பிறக்கும்' என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். நாளைக்குக் குறைமாதத்தில் பிறந்துவிட்டால், எங்கோ தவறவிட்டோம் என்று அந்தத் தாய் தன்னையே நொந்துகொள்வாள்.

வாடை வந்ததும் பெண்கள் செய்வது கழுவுவதுதான். சோப்பு, டெட்டால், வெந்நீர் என்று உள்ளே வரை கழுவி, மிச்சமிருந்த லாக்டோபேசில்லஸையும் விரட்டிவிடுகிறார்கள். வெளியே வெறும் தண்ணீர் போதும், உள்ளே கை போகக் கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் மாற்ற முடிகிறது. வேப்பலோடை உப்பளப் பெண்களிடம் இதோடு சிறுநீரையும் விசாரிப்பேன். ஒதுங்க இடமில்லாத பாத்தியில் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு, தண்ணீரும் குடிக்காமல் வேலை செய்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் குறைமாதப் பிரசவத்துக்கு ஒரு காரணம். உப்பளத்தில் ஒரு கழிப்பறை கட்டுவதும் தாய்சேய் நலப் பணிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

2020இல் உலகில் குறைமாதத்தில் பிறந்த 1.34 கோடிக் குழந்தைகளில் சுமார் 30 லட்சம் இந்தியக் குழந்தைகள். ஆனாலும் நம் பெண்களின் உடலை நம் நாட்டிலேயே வைத்துப் படிக்கும் பெரிய முயற்சி தாமதமாகத்தான் வந்தது. குருகிராம் அரசு மருத்துவமனையில் 2015இல் தொடங்கிய 'கர்ப்பிணி' ஆய்வு, பேறுகாலத்தின் வெவ்வேறு கட்டங்களில் பெண்ணுறுப்பு மாதிரிகளையும் சேகரிக்கிறது. அந்த ஆய்வின் தரவைக் கொண்டு, வயிற்றிலிருக்கும் நம் சிசுக்களுக்கேற்ற வயதுக் கணிப்பு முறையைச் சென்னை ஐஐடியும் ஃபரீதாபாத் ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கி 2024இல் அறிவித்தார்கள். கடைசியாகத் தலைக்குக் குளித்த நாளைப் பொங்கலை வைத்தும் கோயில் கொடையை வைத்தும் கணக்குச் சொல்லும் ஊரில், 34 வாரமா 37 வாரமா என்று தெரிவது பெரிய விஷயம்.

ஏனென்றால் அடுத்துச் செய்ய வேண்டியதை அந்த வாரக் கணக்குதான் சொல்லும். இடுப்பு விட்டுவிட்டு வலிக்கிறது, அடிவயிறு கல்லாகிறது, சளியில் ரத்தம், நீர் கசிவு: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐக் கூப்பிடச் சொல்லிவைத்திருக்கிறேன். 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி என்றால், குழந்தையின் நுரையீரல் முதிர டெக்ஸாமெத்தசோன் ஊசி: 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. முதல் ஊசியை இங்கேயே போட்டு, போட்ட நேரத்தை அட்டையில் எழுதித்தான் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டி ஏற்றுவோம்.