பட்டையும் அமோர்த்திசரும்

எங்கள் அம்பாசடருக்குப் பின்பக்கம் வில் பட்டைகள். 2014-இல் உத்தர்பாராவில் தயாரிப்பு நிற்கும்வரை அந்த அமைப்புதான்.

"அண்ணாச்சி, இன்னொரு பட்டை சேத்துப் போட்டா பின்னால தாழாது" என்றார் தச்சநல்லூர் பட்டறைக்காரர். தாழாதுதான். ஆனால் பட்டை கூடினால் வில் விறைக்கும். குழியின் அடி நேரே முதுகில் இறங்கும். டிஸ்க் விலகிய என் மனைவியைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கூட்டிப்போக வேண்டும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். ஷாக் அப்சார்பருக்கு அங்கே 'அமோர்த்திசர்' என்று பெயர். நடுவில் உள்ள 'மோர்' நாம் குடிப்பதல்ல, சாவு. அதிர்வைச் சாகடிப்பது என்று பொருள். எடையைத் தாங்குவது பட்டை. ஆட்டத்தை அடக்குவது இது.

தேய்ந்துபோன இரண்டையும், ரப்பர் புஷ்களையும் மாற்றச் சொன்னேன். வளைவில் பின்பக்கம் அலைவது நின்றது. வண்ணார்பேட்டை தாண்டுமுன் அவள் தூங்கிவிட்டாள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பட்டை சேர்க்குமுன் அமோர்த்திசரைப் பாருங்கள்.