கரையில் பிரியும் கணக்கு

மாங்கேணிக் கரையில் மீன் விற்றதும் பங்கு பிரிப்பார்கள். கோறளைப்பற்று வடக்கின் இந்தக் கடலோர ஊரில் தொழிலுக்கு இறங்கும் இளைஞனுக்குக் காசு, தொழில், மனவேறுபாடு மூன்றும் ஒன்றாக எதிர்ப்படும் இடம் அது. விற்ற தொகையில் மண்ணெண்ணெய், ஐஸ் செலவைக் கழித்து, மீதியில் பாதியைப் படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும், மறுபாதியைக் கடலுக்குப் போனவர்களுக்கும் கொடுப்பது வழக்கமான முறைகளில் ஒன்று. 30,000 ரூபா மீனுக்கு 9,000 செலவானால் மீதி 21,000, படகுக்கு 10,500, மூவர் போயிருந்தால் ஆளுக்கு 3,500.

இந்த 3,500 ஒரு நாள் சம்பளம் அல்ல. கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று எழும்பினால் கிழக்குக் கடலில் படகு இறக்க முடியாத நாட்கள் தொடர்ந்து வரும். கச்சான் காலத்துப் பங்குக்குள் மாரிகாலச் சோறும் அடங்கியிருக்கிறது. அதைப் பிரித்து வைக்காதவன் மழையோடு கடனுக்கு அலைகிறான். மாதம் நூற்றுக்கு ஐந்து என்ற வட்டி கேட்கச் சிறிதாக இருக்கும். ஆண்டுக்கு அது அறுபது. 50,000 ரூபா வாங்கியவன் ஒரு வருடத்தில் 30,000 வட்டி கட்டிய பிறகும் முதல் அப்படியே நிற்கும்.

வட்டிக் கடனை விட ஏமாற்றுவது, மீன் முதலாளி தரும் வட்டியில்லா முற்பணம். வலை வாங்க 40,000 கொடுப்பார். மீனைத் தமக்கே தரவேண்டும் என்பார். சந்தை விலையிலிருந்து கிலோவுக்கு 100 ரூபா குறைப்பார். நாளுக்குப் பத்துக் கிலோ, மாதத்தில் இருபது நாள் என்று வைத்தால் மாதம் இழப்பது 20,000. இரண்டு மாதத்தில் முற்பணத்தின் அளவு போய்விடும், முற்பணமோ கழியாது. முதலாளியைக் கெட்டவர் என்று சொல்லிவிடுவதும் நியாயமல்ல. வங்கி கேட்கும் பிணை இல்லாதவனை நம்பிக் காசு கொடுப்பவர் பலவேளை அவர் ஒருவரே. ஆனால் வாங்குபவன் அந்த நம்பிக்கையின் விலையை முதல் நாளே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடலை விட்டால் மரமுந்திரிகைத் தோட்டம், பாசிக்குடா ஹோட்டல்கள், வளைகுடா நாடுகள் என்று வேறு வழிகளும் உண்டு. மாதச் சம்பள வேலையில் முதலில் கேட்கவேண்டியது சேமலாப நிதி: ஊழியர் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12, நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3. கையில் வரும் தொகையை மட்டும் பார்ப்பவன் இந்த 15 சதவீதத்தை எண்ணுவதில்லை. எஞ்சின் திருத்தலோ வெல்டிங்கோ தெரிந்தவன் அதற்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுத்து வைத்தால் அவன் கைவேலை ஊருக்கு வெளியிலும் செல்லும். வெளிநாடு போகிறவன் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விசிட் விசாவில் போகவே கூடாது.

பங்குக் கணக்கில் சந்தேகம் வந்தால் எப்போது கேட்பது என்பதில்தான் இளைஞர் அதிகம் தவறுகிறார்கள். மூன்று கிழமை மனதில் வைத்து, ஒரு மாலையில் குடித்துவிட்டு வாடிக்குப் போய்க் கத்துவதால் கணக்கும் தெரிவதில்லை, அடுத்த நாள் படகில் இடமும் இருப்பதில்லை. பங்கு பிரிக்கும்போதே, "மாமா, இண்டைக்கு எண்ணெய் எவ்வளவு போனது, ஒருக்காச் சொல்லுங்க" என்று கேட்பவனை எவரும் எதிரியாக எண்ணுவதில்லை. "நீங்க களவெடுக்கிறீங்க" என்று தொடங்கியவனுக்குப் பதில் சொல்ல, நேர்மையான படகுக்காரருக்கும் மனம் வராது.

பேசித் தீராததை மீனவர் சங்கத்துக்கும், அதிலும் தீராததை மத்தியஸ்த சபைக்கும் கொண்டுபோகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சபை அது. தரப்புக்கு ஒருவரைத் தெரிவுசெய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவுசெய்வார்கள். சட்டத்தரணிகள் தரப்புக்காகப் பேச முடியாது என்பதால் இளைஞன் தன் வாயாலேயே சொல்லவேண்டும். சபை தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரும் உடன்பட்டால் எழுதிக் கையொப்பமிடுவார்கள். உடன்படாவிட்டால் இணக்கம் காணவில்லை என்ற சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். அங்கே கோபத்தை விடப் பயன்படுவது, திகதி, மீனின் நிறை, விலை, எண்ணெய்ச் செலவு, கழித்த முற்பணம் ஆகியவற்றை அன்றன்றே எழுதிப் படகுக்காரரிடம் கையொப்பம் வாங்கிய ஒரு பாடசாலைக் கொப்பி.