ஆஃப் பண்ணினா ஷாக்!

ஒரு கேள்வி பாஸ். ரேடியோ பாடும்போது தொட்டா ஒண்ணும் ஆகாது. ஆஃப் பண்ணிட்டுத் தொட்டா ஷாக் அடிக்கும். நம்புவீங்களா? ட்ரிபிள் ஈ மூணாம் வருஷம் படிக்கிற நானே நம்பலை.

பெரும்பாறையில என் அப்பத்தா வீடு. சுத்திலும் காபி, மிளகு. மழைக்காலத்துல மத்தியானமே மூடுபனி ஹாலுக்குள்ள எட்டிப் பார்க்கும். அந்த ஹாலில் ஒரு மரப்பெட்டி வால்வு ரேடியோ. போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்டி ரேடியோ கேட்ட காலத்தில் தாத்தா வாங்கினது. வால்யூம் குமிழோடு சேர்ந்த பவர் சுவிட்ச், நாலு தடவை திருகினா ஒரு தடவைதான் பிடிக்கும்.

"படிச்ச புள்ளதானே, சரி பண்ணுடா. துடைக்கிறப்போ வேற சுரீர்ங்குது. ஆஃப் பண்ணிட்டுத்தான் துடைக்கிறேன், அப்பவும் விடமாட்டேங்குது."

குமிழ் ஸ்க்ரூவில் டெஸ்டரை வெச்சேன். ரேடியோ பாடும்போது எரியலை. ஆஃப் பண்ணினேன்... பளிச்! எனக்கு வேர்த்துடுச்சு.

பிளக்கைப் பிடுங்கிட்டுப் பின்பக்கம் திறந்தேன். யூசிஎச் 81, யூஎல் 84, யூஒய் 85... எல்லாமே 'யூ' வால்வு. சில ஊர்களில் டி.சி. கரன்ட் இருந்த காலத்தில், ரெண்டிலும் ஓடணும்னு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம செஞ்ச செட். வால்வு ஹீட்டர்கள் சீரியல் செட் பல்பு மாதிரி வரிசையா 100 மில்லி ஆம்பியரில் எரியும். வரிசையோட கடைசி முனை இரும்பு சேஸிஸ். அங்கிருந்து சுவிட்ச் வழியா நியூட்ரல். சுவிட்சைத் திறந்தா, 230 வோல்ட் ஹீட்டர்கள் வழியா வந்து சேஸிஸில் உட்கார்ந்துக்கும். போக வழியில்லை. ஈரத் தரையில் வெறுங்காலோட அப்பத்தா தொட்டா, அவங்கதான் வழி. குமிழ் ஸ்க்ரூ மேல கம்பெனியில் வெச்ச மெழுகு எப்பவோ உதிர்ந்துபோச்சு.

திண்டுக்கல்லில் 250 வோல்ட் டபுள் போல் சுவிட்ச் வாங்கினேன். ஆஃப் பண்ணினா ரெண்டு ஒயரும் கட். லைனில் ஃபியூஸ், நியூட்ரல் சேஸிஸுக்கு. திருப்பிச் சொருக முடியாத மூணு பின் பிளக். சுவர் சாக்கெட்டிலும் லைன் எந்தப் பக்கம்னு டெஸ்டர் வெச்சுப் பார்த்தேன். எலெக்ட்ரீஷியன் மாத்திக் கொடுத்திருந்தா எல்லாமே வேஸ்ட்! நல்லது செய்யறேன்னு எர்த்தை மட்டும் இந்த சேஸிஸில் கட்டிடாதீங்க. ஸ்க்ரூ மேல மெழுகுவத்தியை உருக்கி ஊத்தினேன்.

முதல் தடவை 60 வாட் பல்பை சீரீஸில் போட்டு ஆன் பண்ணினேன். அரை நிமிஷம் அமைதி. அப்புறம் மெதுவா ஹம். அப்புறம் ஒரே இரைச்சல்! ஹாலில் இருந்த எல்.இ.டி. பல்பை அணைச்சதும் பாதி குறைஞ்சது.

ஆஃப் பண்ணி டெஸ்டர் வெச்சேன். எரியலை.

"இப்ப துடைக்கலாமாடா?"

"பிளக்கைப் பிடுங்கிட்டு, அப்பத்தா."

"அப்போ நீ என்னத்த சரி பண்ணினே?"